இடுக்கில் நுழையும் கருவியும் நம் பள்ளி ஆய்வுக்கூடமும்



உங்களில் பலர் சைக்கிளில் பள்ளிக்குச் செல்பவர்களாக இருப்பீர்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கால்களை அப்படியே வைத்துக் கொள்கிறீர்கள். சக்கரம் ஓடுகிறது, மிதிகட்டை ஓடுவதில்லை. பின்சக்கரத்தின் நடுவிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஓர் ஓசை மட்டும் வந்து கொண்டிருக்கிறது. அந்த ஓசை எதனால் எழுகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இல்லையென்றால் வருந்த வேண்டாம். உங்கள் வயதில் நானும் எண்ணிப் பார்த்ததில்லை. அதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். அதுவும் ஒரு போல்ட்டை முறித்த பிறகு!

என் பழைய காரின் எஞ்சினில் ஒரு மூடியைக் கழற்றி மாட்டும் வேலை. மூடியின் கடைசிப் போல்ட் ஓர் இடுக்கில் இருந்தது. ஒரு பக்கம் எஞ்சின், மறு பக்கம் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு. இடையில் நான்கு விரல் நுழையும் இடந்தான். அதற்கென்றே குட்டைக் கைப்பிடி கொண்ட சின்ன ராட்செட் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தேன். போல்ட் இறுகியது. ஆனாலும், 'கைப்பிடி இத்தனை குட்டையாக இருக்கிறதே, போதிய அளவு இறுகியிருக்குமா?' என்று எனக்கு ஐயம். பக்கத்தில் கிடந்த குழாய்த் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் செருகி ஓர் அழுத்து அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை தனியே கழன்று கையோடு வந்துவிட்டது. உடல் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்க, பட்டறையில் ஓர் இளைஞருக்கு அரை நாள் பிடித்தது. வேலையை முடித்துவிட்டு அவர் சொன்னார்: "சார், சின்ன டூலுக்குச் சின்ன வேலைதான் குடுக்கணும். அது கை குட்டையா இருக்கிறதே உங்களைக் காப்பாத்தத்தான்."

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். திருப்புத்திறனுக்கான சூத்திரம் எனக்குத் தெரிந்திருந்தது. திருப்புத்திறன் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலும், தராசுக்கும் லென்சுக்கும் பக்கத்தில் ஒரு கருவிப்பெட்டி இருக்க வேண்டும். அதில் ஸ்பேனர்களோடு, இடுக்குகளில் வேலை செய்யும் சின்ன ராட்செட் ஒன்றும் இருக்க வேண்டும். அதை மாணவர்கள் கையில் எடுத்து, பிரித்துப் பார்த்து, அளந்து, பயன்படுத்த வேண்டும். ஏன் என்பதை அந்தக் கருவியைக் கொண்டே விளக்குகிறேன்.

ஆறு பக்கமும் அறுபது பாகையும்

போல்ட்டின் தலை பெரும்பாலும் அறுகோண வடிவம் உடையது. சாதாரண ஸ்பேனரின் வாய் அதன் எதிரெதிரான இரண்டு பக்கங்களைக் கவ்விப் பிடிக்கிறது. ஸ்பேனரைத் திருப்புகிறீர்கள், ஏதோ ஒன்று இடிக்கிறது. உடனே ஸ்பேனரை எடுத்து, அடுத்த இரு பக்கங்களில் மாட்டி, மீண்டும் திருப்புகிறீர்கள்.

முழு வட்டத்துக்கு 360 பாகை. பக்கங்கள் ஆறு. ஆகவே ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு 60 பாகை. இதன் பொருள் என்ன? ஸ்பேனரின் கைப்பிடி 60 பாகை அளவுக்கு வீசியாட இடம் இருந்தால்தான் போல்ட்டை முழுதும் திருப்ப முடியும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனராக இருந்தால் அதன் நுனி சுமார் 21 செ.மீ. நகர வேண்டும். ஏறத்தாழ ஒரு சாண் அளவு இடம்!

இங்கே ஒரு சிறிய வியப்பு உண்டு. வீட்டிலோ சைக்கிள் கடையிலோ இருக்கும் ஸ்பேனரை எடுத்து நன்றாகப் பாருங்கள். அதன் வாய் கைப்பிடிக்கு நேராக இருக்காது. சுமார் 15 பாகை சாய்ந்திருக்கும். வார்ப்பில் நேர்ந்த பிழையன்று அது. ஒரு முறை திருப்பிய பிறகு ஸ்பேனரைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினால், அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்போது 30 பாகை இடமே போதும். புரட்டிப் புரட்டி மாட்டி வேலையை முடித்துவிடலாம். பெயர் தெரியாத எந்தத் தொழிலாளியோ, எந்தக் கொல்லரோ கண்ட உபாயம் இது. ரிங் ஸ்பேனரின் உட்புறத்தில் பன்னிரண்டு மூலைகள் இருப்பதும் இதற்காகவே. 360-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 30 அல்லவா?

ஆனால் 30 பாகை இடமும் இல்லாத இடுக்கு என்றால் என்ன செய்வது? அங்கேதான் ராட்செட் வருகிறது.

ஓசை எழுப்பும் நாக்கு

ராட்செட்டின் தலைக்குள் ஒரு சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அதனோடு இணைந்த சதுர முளை வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். போல்ட்டின் தலைக்கு ஏற்ற குழிக் கிண்ணத்தை, அதாவது சாக்கெட்டை, அந்த முளையில் மாட்டுகிறோம். பற்சக்கரத்தின் அருகில் ஒரு சிறிய உலோக நாக்கு. ஒரு வில்சுருள் அதைப் பற்களின் மீது அழுத்திக் கொண்டே இருக்கிறது.

கைப்பிடியை ஒரு திசையில் தள்ளும்போது நாக்கு பல்லில் முட்டி நின்று சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிறது, போல்ட் திரும்புகிறது. கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது நாக்கு பல்லின் சரிவில் வழுக்கி ஏறி, அடுத்த பள்ளத்தில் 'டிக்' என்று விழுகிறது. போல்ட் அசைவதில்லை. ஆகவே கருவியைப் போல்ட்டிலிருந்து எடுக்காமலேயே முன்னும் பின்னும் ஆட்டி வேலை செய்யலாம். தலையின் பின்புறமுள்ள சிறிய நெம்பியைத் தள்ளினால் நாக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும். இறுக்கிய கருவியே கழற்றும் கருவியாகிவிடும்.

சைக்கிளின் 'டிக் டிக்' எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கிவிட்டதல்லவா? பின்சக்கர ஃப்ரீவீலுக்குள்ளும் இதே நாக்கும் பல்லுந்தான். கார்களில் கைப்பிரேக்கை இழுக்கும்போது கேட்கும் 'கடகட' ஓசையும், சாவி கொடுக்கும் கடிகாரத்தின் ஓசையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

சாக்கெட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ராட்செட் ஸ்பேனருக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் என்பவர் 1863-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இக்கருவி பிறந்துவிட்டது!

பற்கள் கூடினால் இடம் சுருங்கும்

இனி ஒரு கணக்கு. பற்சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால் ஒரு 'டிக்'குக்கு 15 பாகை. 36 பற்கள் இருந்தால் 10 பாகை. 72 பற்கள் இருந்தால் 5 பாகை. நடைமுறையில் கருவியின் இடைவெளித் தளர்ச்சிக்காக இன்னும் சற்றுக் கூடுதலாக ஆட்ட வேண்டியிருக்கும். ஆனால் அடிப்படை இதுதான்.

இந்தப் பாகைகளைச் சென்டிமீட்டராக மாற்றிப் பாருங்கள். 20 செ.மீ. கைப்பிடியும் 36 பற்களும் உள்ள ராட்செட்டின் நுனி சுமார் 3.5 செ.மீ. நகர்ந்தால் ஒரு பல் ஏறிவிடும். 72 பற்கள் என்றால் 1.7 செ.மீ. போதும். கைப்பிடியையும் 10 செ.மீ. ஆகக் குறைத்துவிட்டால் 9 மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே போதும். சாதாரண ஸ்பேனருக்குச் சாண் அளவு இடம் தேவைப்பட்ட வேலையை, ஒரு விரலின் பருமன் அளவு இடத்தில் செய்து முடிக்கலாம். வட்டம், பாகை, வில்லின் நீளம் என்று கணக்குப் புத்தகத்தில் நீங்கள் படித்தவை எல்லாம் இந்த ஒரு கருவிக்குள் இருக்கின்றன.

இடுக்கு வேலைக்கென்றே இதில் பல வகைகள் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டைக் கைப்பிடி கொண்டவை ஒரு வகை. தலை இப்படியும் அப்படியும் மடங்குபவை இன்னொரு வகை. சில இடங்களில் பக்கவாட்டில் இடமிருக்கும். போல்ட்டுக்கு மேலே உயரம் இருக்காது. சாதாரண ராட்செட்டின் தலையும் சாக்கெட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து சுமார் 5 செ.மீ. உயரம் பிடிக்கும். அங்கே, ரிங் ஸ்பேனரின் வளையத்துக்குள்ளேயே பற்சக்கரத்தை வைத்துச் செய்த தட்டையான ராட்செட் உதவுகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 1 செ.மீ. தான்.

ஆதாயத்துக்கு ஒரு விலை

'அப்படியானால் எல்லா ராட்செட்டையும் சின்னதாக, நிறையப் பற்களோடு செய்துவிடலாமே!' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. என் போல்ட் முறிந்த கதை இங்கேதான் உதவப் போகிறது.

திருப்புத்திறன் என்பது விசையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கி வருவது. ஒரு கையால் 150 நியூட்டன் விசையை, அதாவது சுமார் 15 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை, கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. கைப்பிடியில் அது 30 நியூட்டன் மீட்டர் ஆகிறது. 10 செ.மீ. கைப்பிடியில் 15 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கார்ச் சக்கரத்தின் நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் தேவைப்படுகிறது. அதை 10 செ.மீ. கருவியால் இறுக்க வேண்டுமானால் நீங்கள் 1,000 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். 100 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். ஆகவே குட்டைக் கருவி அந்த வேலைக்கு ஆகாது.

மறுபுறம், 10 நம்பர் ஸ்பேனர் மாட்டும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு 10 செ.மீ. கைப்பிடி மிகப் பொருத்தம். கை முழு பலத்தோடு அழுத்தினாலும் அளவு பெரிதும் மீறாது. 'உங்களைக் காப்பாத்தத்தான்' என்று அந்த இளைஞர் சொன்னது இதைத்தான். நான் என்ன செய்தேன்? குழாயைச் செருகிக் கைப்பிடியை 30 செ.மீ. ஆக்கினேன். 100 நியூட்டன் அழுத்தியிருந்தாலும் அது 30 நியூட்டன் மீட்டர். 10 கேட்ட போல்ட்டுக்கு மூன்று மடங்கு கொடுத்தேன்; அது முறியாமல் வேறென்ன செய்யும்?

இன்னொரு விலையும் உண்டு. அது தலைக்குள் மறைந்திருக்கிறது. சின்ன ராட்செட்டின் பற்சக்கரம் சுமார் 7.5 மில்லிமீட்டர் ஆரம் உடையது என்று கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 47 மில்லிமீட்டர். 36 பற்கள் என்றால் ஒரு பல்லின் அகலம் 1.3 மில்லிமீட்டர். 72 பற்கள் என்றால் 0.65 மில்லிமீட்டர்தான். கைப்பிடியில் 15 நியூட்டன் மீட்டர் கொடுக்கும்போது, அந்த நுண்ணிய பற்களின் மீது விழும் விசை எவ்வளவு தெரியுமா? 15-ஐ 0.0075 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். 2,000 நியூட்டன்! சுமார் 200 கிலோ எடைக்குச் சமம். இதே கருவியில் அரை மீட்டர் குழாயைச் செருகி 200 நியூட்டன் அழுத்தினால், பற்களின் மீது 13,000 நியூட்டனுக்கும் மேல் விழுகிறது. அது ஏறத்தாழ இரண்டு மாருதி 800 கார்களின் எடை. கை நழுவி முட்டி எலும்பு பெயர்வதும், பல் தெறிப்பதும் இதனால்தான்.

நுண்பற்களின் இந்தப் பலவீனத்தை ஈடுசெய்யப் பொறியாளர்கள் சில வழிகளைக் கையாள்கிறார்கள். நாக்கின் முகத்தை அகலமாக்கி, ஒரே நேரத்தில் பல பற்களைக் கவ்வச் செய்வது ஒன்று. இரண்டு நாக்குகளை அரைப்பல் தூரம் முன்பின்னாக வைப்பது மற்றொன்று. அப்போது 36 பெரிய பற்களே இருந்தாலும் 5 பாகைக்கு ஒரு முறை ஏதாவதொரு நாக்கு விழுந்துவிடும். ஆனால் பாரத்தை ஒரு நேரத்தில் ஒரு நாக்குதான் தாங்க வேண்டியிருக்கும். எந்த வழியில் போனாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெறுகிறோம்.

நேரமும் ஒரு விலைதான். மிக நெருக்கமான இடத்தில் ஒரு தடவைக்கு ஒரு பல்தான் ஏறும் என்றால், 72 பல் ராட்செட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 72 தடவை ஆட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். 20 மில்லிமீட்டர் மரையை முழுதும் கழற்ற 20 சுற்று. அதாவது 1,440 தடவை! அதனால்தான் தேர்ந்த மெக்கானிக் வேலையை மூன்றாகப் பிரித்துக் கொள்கிறார். இறுகிக் கிடக்கும் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் முதலில் அசைத்துவிடுகிறார். பிறகு ராட்செட்டால் தளர்த்துகிறார். தளர்ந்ததும் விரலாலேயே சுழற்றி எடுத்துவிடுகிறார். போல்ட் மிகவும் தளர்ந்துவிட்டால், கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது நாக்கின் உராய்வே போல்ட்டையும் பின்னோக்கித் திருப்பிவிடும். அப்போது சாக்கெட்டை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் விரல், பிறகு ராட்செட், கடைசியில் திருப்புத்திறனை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்ததுதான் என் தவறு.

இடுக்கு எங்கிருந்து வந்தது?

இத்தனை பாடுபட்டு இடுக்கில் வேலை செய்கிறோமே, அந்த இடுக்கை உண்டாக்கியது யார்? இயற்கையன்று. படம் வரைந்த ஒரு பொறியாளர்தான்.

2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசடர் காரில் எஞ்சின் காரின் நீளவாக்கில் இருந்தது. அதன் இருபுறமும் கை தாராளமாக நுழையும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் 796 கன செ.மீ. எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. இந்தக் குறுக்கு அமைப்பைப் புகழ்பெறச் செய்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த 'மினி' கார் அவருடைய படைப்பு. காரின் மொத்த நீளமே சுமார் 3 மீட்டர்தான். ஆயினும் எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்து, தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பயணிகளுக்கும் சாமான்களுக்கும் ஒதுக்கினார். எவ்வளவு பெரிய சாதனை!

ஆனால் பயணிகளுக்குக் கிடைத்த இடம் எங்கிருந்து வந்தது? எஞ்சினைச் சுற்றியிருந்த இடத்திலிருந்துதான். எஞ்சினின் ஒரு முனை சக்கரத் தகட்டை ஒட்டிவிட்டது. முன்னால் ரேடியேட்டர், பின்னால் தடுப்புச் சுவர். பிற்காலத்தில் குளிர்சாதனம், புகை கட்டுப்பாட்டுச் சாதனங்கள், பிரேக்குக்கான மின்னணுப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றாக வந்து மிஞ்சிய இடத்தையும் அடைத்துக்கொண்டன. இவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய கார் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. சாதனங்கள் உயிரைக் காக்கின்றன. என் குறை வேறு. ஒரு போல்ட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர், அதைக் கழற்றப் போகும் கையை நினைத்துப் பார்த்தாரா என்பதே கேள்வி. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, நினைக்காததால் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. அந்தக் கூலியைக் கொடுப்பவர் வண்டியின் சொந்தக்காரர். கை முட்டியில் காயம் படுபவர் தொழிலாளி. கை எட்டாத போல்ட்டை 'போதும்' என்று பாதி இறுக்கிவிட்டு விட்டால் ஆபத்து, அந்த வண்டியில் போகும் எல்லோருக்கும்.

பழுது பார்ப்பதை எளிதாக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது அரசாங்கங்கள் வரை எட்டியிருக்கிறது. 2022-ல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுநீக்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, அது கவனிக்க வேண்டிய துறைகளில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் இடுக்கில் ஒருமுறையாவது தன் கையை நுழைத்துப் பார்த்த பொறியாளருக்குச் சட்டம் நினைவூட்ட வேண்டியதில்லை. நாளைய பொறியாளர்கள் இன்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். அதனால்தான் கருவிப்பெட்டி பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறேன்.

கையில் பிறந்த கண்டுபிடிப்பு

கருவியோடு பழகினால் கண்டுபிடிப்பும் பிறக்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்ற சிற்றூர். அங்குள்ள சியர்ஸ் கடையில் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பதினெட்டு வயது இளைஞர் விற்பனையாளராக வேலை பார்த்தார். ராட்செட்டில் மாட்டிய சாக்கெட்டைக் கழற்ற இரண்டு கைகள் தேவைப்பட்டன. இடுக்கிலும், எண்ணெய் படிந்த கையிலும் அது பெருந்தொல்லை. ராபர்ட்ஸ் ராட்செட்டின் தலைக்குப் பின்னால் ஒரு பொத்தானை அமைத்தார். கட்டைவிரலால் அழுத்தினால் சாக்கெட் தானே விழுந்துவிடும். ஒரு கை போதும். 1965-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

உரிமையை அவரிடமிருந்து சியர்ஸ் நிறுவனம் அதிக அளவாக 10,000 டாலர் என்று பேசி வாங்கிக்கொண்டது. பின்னர் கோடிக்கும் மேற்பட்ட ராட்செட்டுகளை விற்றது. கண்டுபிடிப்பின் உண்மை மதிப்பைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். 1977-ல் நடுவர் குழு அவருக்கு 10 லட்சம் டாலர் அளிக்கத் தீர்ப்பளித்தது. வழக்கு மேலும் நீண்டு 1989-ல் உடன்பாட்டில் முடிந்தது. பதினெட்டு வயதில் தோன்றிய ஓர் எண்ணத்துக்காக ஏறத்தாழ இருபது ஆண்டு நீதிமன்றம்! கண்டுபிடிக்கவும் கற்க வேண்டும். கண்டுபிடித்ததன் மதிப்பை அறியவும் கற்க வேண்டும் என்பதை இக்கதை காட்டுகிறது. அவர் ஆய்வுக்கூடத்தில் இருக்கவில்லை. கருவியைக் கையில் பிடித்திருந்தார். அதன் குறை அவர் கண்ணில் பட்டது.

சில மறுப்புகள்

என் யோசனையைக் கேட்ட ஓர் ஆசிரிய நண்பர், "பள்ளி தத்துவத்தைக் கற்பிக்க வேண்டிய இடம், கருவியைத் தொழிற்பயிற்சி நிலையம் கற்பிக்கும்" என்றார். நான் ஒப்பவில்லை. நெம்புகோல் தத்துவத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய நான்தான் போல்ட்டை முறித்தேன். கையில் உணராத தத்துவம் நினைவில் நிற்கலாம். வேண்டிய நேரத்தில் வந்து நிற்பதில்லை. தவிரவும், 'மூளை வேலை உயர்ந்தது, கை வேலை தாழ்ந்தது' என்ற எண்ணத்தைப் பள்ளிதான் முதலில் விதைக்கிறது. அதைக் களையவேண்டிய கடமையும் பள்ளிக்கே உண்டு.

'இது பையன்களுக்கான வேலை' என்பார் சிலர். மொபெட்டும் ஸ்கூட்டரும் ஓட்டும் மாணவிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இடுக்கில் நுழைய மெல்லிய கை ஒரு வசதியே தவிரக் குறையன்று.

'இனி மின்சார வாகனங்கள் வந்துவிடும். ஸ்பேனருக்கு வேலை இருக்காது' என்பது மற்றொரு வாதம். எஞ்சின் போகலாம், போல்ட் போகாது. மோட்டாரும் மின்கல அடுக்கும் சக்கரமும் போல்ட்டினால்தான் நிற்கின்றன. உயர் மின்னழுத்தம் ஓடும் பகுதிகளில் மின்காப்பு பூசிய தனிக் கருவிகளை, அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களே பயன்படுத்த வேண்டும் என்ற புதிய ஒழுங்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கற்க வேண்டியது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று ஸ்பேனர்கள், ஒரு ரிங் ஸ்பேனர், சில சாக்கெட்டுகளோடு ஒரு சின்ன ராட்செட், ஒரு டார்க் ஸ்பேனர், பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு பழைய எஞ்சின் பாகம், இவை போதும். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக்கை ஆண்டுக்கு ஒருமுறை வகுப்புக்கு அழையுங்கள். அவர் ஒரு மணி நேரம் பேசட்டும்; ஆசிரியர் அதைச் சூத்திரத்தில் எழுதட்டும். இருவரும் ஒரே மேசையின் முன் நிற்பதைப் பார்ப்பதே மாணவர்களுக்கு ஒரு பாடம்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சோதனைகளை இந்த விடுமுறையில் செய்யலாம்.

முதலாவது: சைக்கிள் கடையில் தேய்ந்து போன ஃப்ரீவீல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உள்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, வெளிப்பகுதியை அது ஓசையோடு சுழலும் திசையில் ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றுங்கள். எத்தனை 'டிக்' கேட்கிறது என்று எண்ணுங்கள். 360-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு 'டிக்'குக்கு எத்தனை பாகை என்பது தெரியும்.

இரண்டாவது: ஒரு தடித்த பலகையில் துளையிட்டு, போல்ட்டும் நட்டும் மாட்டுங்கள். நட்டின் மீது ஸ்பேனரை வைத்து, அதன் கைப்பிடி 45 பாகைக்கு மேல் அசைய முடியாதபடி இரு புறமும் ஓர் ஆணி அடியுங்கள். பாகைமானியால் அளந்தே அடியுங்கள். இப்போது நட்டைத் திருப்ப முயலுங்கள். ஒரே முகமாக மாட்டினால் முடியாது. புரட்டிப் புரட்டி மாட்டினால் முடியும். ஏன் என்பதை மேலே படித்த கணக்கைக் கொண்டு உங்கள் நோட்டில் விளக்கி எழுதுங்கள். பிறகு ஆணிகளை இன்னும் நெருக்கி அடித்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் ஸ்பேனர் தோற்கிறதோ, அந்தக் கோணத்தில் ராட்செட்டின் அருமை உங்களுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. ஓடி நின்ற வண்டியின் எஞ்சின் சூடாக இருக்கும். ஆறும் வரை தொடாதீர்கள். ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டியின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்த வண்டியின் போல்ட்டிலும் கை வைக்காதீர்கள்.

நண்பர்களே, உங்களில் சிலர் நாளை வாகனங்களை வடிவமைப்பீர்கள். பேருந்தோ, டிராக்டரோ, நாம் இன்னும் காணாத வேறொன்றோ, எதுவாக இருந்தாலும் அதில் ஒரு போல்ட்டைக் குறிக்கும் இடம் வரும். அப்போது ஒரு நொடி பேனாவை நிறுத்தி, அந்தப் பலகையையும் இரண்டு ஆணிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தைப் பார்த்தறியாத ஒருவர், என்றோ ஒரு நாள், எண்ணெய் படிந்த கையை அந்த இடத்தில் நுழைக்கப் போகிறார். அவருக்கு இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.